டி விடையைத் தொடாத அன்புக்கரசி

"தெரியாதுங்கற வார்த்தைக்கு எங்க ஊட்ல எடமே இல்லீங்க. எந்தக் கேள்வியக் கேட்டாலும் பதில் சொல்லாம நான் எந்திரிச்சதில்லீங்க. இனிமேலும் எந்திரிக்க மாட்டனுங்க!"

நொச்சிவலசுக் காலனி மாரியம்மன் திருவிழா மேடையில், ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சென்று கத்தி அடங்கிய பிறகு, அன்புக்கரசி உலகத்துக்கு அறிவித்தது இது. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்ததற்குப் பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி நின்றபடி சொன்னாள். அம்மனே ஒரு கணம் திகைத்திருப்பாள். எத்தனையோ வேண்டுதல்களைக் கேட்டிருந்தும், அவள்கூட யாருக்கும் இப்படி அடித்துப் பேசி உத்தரவாதம் கொடுத்ததில்லை. காலனியே கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா பாவாத்தாள் மட்டும் முந்தானையைச் சரிசெய்து கொண்டிருந்தாள். சரிசெய்வதற்கு முந்தானையில் ஒன்றும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால், இந்தப் பெருமையை அன்புக்கரசி ஒருத்திக்கே பட்டா போட்டுக் கொடுக்க முடியாது. அது அந்த மண்ணின் மரியாதை. பெருந்துறைப் பக்கம் வழி தவறிய ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏனுங், கொடுமுடிக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் கொடுமுடியைக் கனவில்கூடக் கண்டிராவிட்டாலும், தெரியாது என்று சொல்லி வந்தவர் முகத்தை வாடவிட மாட்டார். "அப்புடியே நேராப் போங்க, ஒரு வேப்பமரம் வரும், அங்க ஆரையாச்சும் கேட்டுக்குங்க" என்பார். வேப்பமரம் இல்லாத சாலை நாட்டில் கிடையாது; ஆகவே அதைப் பொய் என்று எந்தக் கோர்ட்டும் நிரூபிக்க முடியாது. வேப்பமரத்தடியில் நிற்பவரும் அதே மரியாதைக்காரராக இருப்பார். கொடுமுடிக்குக் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்தைப் பார்த்தபடி நின்றவர்கள் உண்டு. ஆனால் வழியெல்லாம் தங்களை யாரும் அவமதித்ததாக அவர்கள் புகார் சொன்னதில்லை.

இந்தப் பொது மரியாதையை அன்புக்கரசியிடம் தனித் திறமையாக வளர்த்துவிட்டவன் அவள் அண்ணன் கௌதமன். அவர்களுடைய தாத்தன் காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் பண்ணையம் பார்த்த குடும்பம். அப்பன், இவளுக்கு நினைவு தெரியும் முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பாவாத்தாள் நூல் மில்லுக்குப் போனாள். கௌதமன் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சாயப்பட்டறையில் சேர்ந்தான். பட்டறையில் அன்று என்ன சாயம் ஓடியதோ, அந்த நிறத்தில் நகங்களோடு வீட்டுக்கு வருவான். நீல நாள், சிவப்பு நாள், கரும்பச்சை நாள் என்று அந்த வீட்டுக் கிழமைகளுக்கே நிறம் இருந்தது. வந்தவன் வாசலில் கை கால் கழுவிக்கொண்டே தங்கையைப் பரீட்சிப்பான்.

"சொல்லு பாக்கலாம், ஒலகத்துலயே பெரிய ஏரி எது?"

அவள் எதையாவது சொல்வாள். தயங்காமல் சொல்வாள்.

"கரெக்ட்டு!" என்பான் கௌதமன்.

சரியான விடை எது என்று அவனுக்கும் தெரியாது. ஆனால் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்று தப்பாக இருக்க முடியாது என்பது அவன் கட்சி. இப்படியொரு தேர்வாளர் வாய்த்துவிட்டால் யாருக்குத்தான் மேடையேறத் தைரியம் வராது?

மேடையில் அவள் அப்படி முழங்கியபோது அந்தத் தேர்வாளர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

சட்டக் கல்லூரி என்பது ஊர் எடுத்த முடிவு. "இவ வாய்க்கு வக்கீலுக்குத்தான் படிக்கோணும்" என்று எல்லோரும் சொன்னார்கள். வக்கீல் தொழிலுக்கு வாய் போதும் என்பது அவர்கள் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டது. தேசியச் சட்டக் கல்லூரிக்குள் நுழைய நுழைவுத் தேர்வு உண்டு, அதற்குக் கோயம்புத்தூரில் பயிற்சி உண்டு என்று பள்ளி ஆசிரியை ஒருவர் விசாரித்துச் சொன்னார். காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள், பேக்கரிக்கு மாடியில் இருந்தது 'தராசு அகாடமி'. அன்புக்கரசி பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள்.

தராசு அகாடமியில் பாடம் குறைவு. மாதிரித் தேர்வு அதிகம். ஞாயிறு வந்தால் மாதிரித் தேர்வு. ஞாயிறு வராத நாட்களில் போன ஞாயிற்றின் தேர்வைப் பிரேதப் பரிசோதனை செய்வார்கள். இரண்டு மணி நேரம், நூற்றிருபது கேள்வி. தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். விட்டுவிட்டால் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். அதாவது, தெரியாததைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருப்பவரை அந்தத் தேர்வு மதித்தது. கொங்கு நாட்டு மரியாதைக்கு நேர் விரோதமான ஏற்பாடு.

அன்புக்கரசி ஒரு வட்டத்தையும் காலியாக விடவில்லை. அவளுடைய விடைத்தாள் அறுவடைக்கு முந்தைய கம்பங்காடு மாதிரி நிறைந்திருந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கை ஜெஃபினுக்கு. மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரியின் மகன். தெரிந்ததை எழுதிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டு, கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனையை மூக்கால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முடிவு வரும்போது அவனுடைய மதிப்பெண் இவளுடையதை ஏறி மிதித்துப் போகும்.

"ஏனம்மிணி, கண்ணுக்குத் தெரியற ஓட்டையெல்லாம் அடைக்கறதுக்கு நீ என்ன கொத்தனாரா? தெரியலீன்னா உட்டுப்போட்டுப் போறது!"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எப்புடித் தப்பாகுது?"

"கேள்வி தப்பு."

ஜெஃபின் கையெடுத்துக் கும்பிட்டான். "யம்மா, நீ நேரா ஜட்ஜாவே போயிரு. வக்கீலு உனக்குப் பத்தாது."

மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. சட்டத் தர்க்கப் பகுதியில் ஒரு பத்தி. ஆபத்து என்று தெரிந்தும் ஒருவன் தானாக விரும்பி அதில் இறங்கினால், பிறகு நஷ்டஈடு கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை என்று சட்டக் கோட்பாட்டைச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே ஒரு கதை. எக்ஸ் என்பவன் ஓர் ஆலையில் வேலை செய்கிறான். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொள்கிறது. மேற்பார்வையாளர் அருகில் நிற்கிறார். எக்ஸ் தொட்டிக்குள் இறங்குகிறான். விஷவாயு. எக்ஸ் இறந்து போகிறான். ஆலை பொறுப்பாகுமா? ஏ: ஆகாது, அவன் தானாக இறங்கினான். பி: ஆகும், இறங்கச் சொன்னார்கள். சி என்று ஏதோ ஒன்று. டி: கொடுக்கப்பட்ட தகவல்களை வைத்து முடிவு சொல்ல முடியாது.

அன்புக்கரசி ஏ-யை நிரப்பினாள். பேனா நகர்ந்த அதே நேரத்தில் பன் வாசனை நின்றுபோனது. அதற்குப் பதிலாக, கெட்ட முட்டையும் சாயமும் கலந்த ஒரு நெடி மாடியேறி வந்தது. தலைநிமிர்ந்தாள். முன்வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் கௌதமன் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கைகளை மேசைமேல் வைத்திருந்தான். நகங்கள் நீலம்.

நுழைவுச் சீட்டு இல்லாமல், கட்டணம் கட்டாமல், பத்தாவதோடு நின்ற ஒருவன் சட்ட நுழைவுத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்திருப்பதைத் தேர்வறை மேற்பார்வையாளர் கண்டுகொள்ளவில்லை. கௌதமனும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. திரும்பி, தங்கையின் விடைத்தாளைப் பார்த்தான். அவ்வளவுதான். கரெக்ட்டு என்று சொல்லவில்லை.

அன்று முதல் அவன் ஒரு மாதிரித் தேர்வையும் தவறவிட்டதில்லை. அகாடமியின் வருகைப் பதிவில் அவ்வளவு ஒழுங்கான மாணவர் வேறு யாரும் இல்லை. தொட்டிக் கேள்வி வரவேண்டும் என்றுகூட இல்லை. அடுத்தவன் மாடு வேலி தாண்டியதா, வேலியைப் பிரித்து விட்டார்களா. சுற்றுலாப் பயணி தானாகப் பாறையில் ஏறினானா, வழிகாட்டி ஏறச் சொன்னானா. கேள்வித்தாளில் யாராவது ஒருவன் எங்காவது இறங்கினால், ஏறினால், தாண்டினால் போதும். நெடி முதலில் வரும். பின்னால் அவன் வருவான். அவள் விடை எழுதுவாள். அவன் பார்ப்பான்.

அவன் என்ன கேட்க வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார்.

அண்ணன் இறந்த அன்று பள்ளி விடுமுறை. கௌதமன் சோற்றுப் போசியை மறந்துவிட்டுப் போய்விட்டான். அன்புக்கரசி அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். காவலாளி உள்ளே விடவில்லை. "இங்கயே நில்லு பாப்பா, வருவான்" என்றார். கேட் கம்பிகளின் வழியே பார்த்தாள். தூரத்தில் தொட்டியின் விளிம்பில் அண்ணன் நின்றான். எதிரில் சூப்பர்வைசர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். இறங்கு என்றாரா, இறங்காதே என்றாரா? மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது ஒரு தண்ணீர் லாரி உள்ளே நுழைந்து, அவளுக்கும் தொட்டிக்கும் நடுவே ஊர்ந்து போனது. லாரி விலகியபோது விளிம்பில் அண்ணன் இல்லை. சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு நாற்காலி போடச் சொன்னார். பட்டறைக்காரர்கள், உறவுக்காரர்கள், மில்லிலிருந்து ஓடிவந்த அம்மா, எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"பாப்பா, வெளியாளுன்னா நீ ஒருத்திதான் பாத்திருக்கற. பயப்படாதீங் கண்ணு. உங்கண்ணன் அவராத்தானே எறங்குனாரு?"

கேள்விக்குள்ளேயே பதிலை மடித்து வைத்துக் கையில் கொடுக்கும் பக்குவம் எல்லோருக்கும் வராது. அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். வீட்டிலேயே கெட்டிக்காரி, பள்ளிக்கூடத்திலேயே முதல்; கேட்கிறவரோ மரியாதையாகக் கேட்கிறார்.

"ஆமாங்க" என்றாள் அன்புக்கரசி.

கேட்டவர் முகம் வாடவில்லை. இருட்டுவதற்குள் எல்லாம் பேசி முடிக்கப்பட்டது. பட்டறை மறுநாளே ஓடியது.

முடியாதது ஒன்றே ஒன்று. அது பாவாத்தாளின் கோபம். சூப்பர்வைசர் மேல் அல்ல. இன்ஸ்பெக்டர் மேலும் அல்ல. செத்துப்போன மகன் மேல். படத்தை மாட்டினாள், ஆனால் அதற்குப் பூ வைக்க மறுத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவள் சொன்னது ஒன்றைத்தான்: "ஆரும் சொல்லாத சோலிக்கு அவனா எதுக்குங் எறங்கோணும்? ஊட்ல ஒருத்தி ஒலை வெச்சுட்டுக் காத்துக் கெடப்பாளேன்னு நெனச்சானுங்களா?" அமாவாசைக்குக் காலனியில் எல்லோரும் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் முங்கி, போனவர்களுக்குத் திதி கொடுத்து வந்தார்கள். பாவாத்தாள் போகவில்லை. "அவனாப் போனவனுக்கு நான் எதுக்குத் தண்ணி உடோணும்?"

அன்புக்கரசி அதைக் கேட்டுக்கொண்டே படித்தாள். சத்தமாகப் படித்தாள். ஊர் மெச்சியது.

மாதிரித் தேர்வுகள் முற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், சட்டத் தர்க்கம் நடத்தும் லின்சி மேடம் அவளைக் கூப்பிட்டார். கணினியில் அவள் விடைகளையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்.

"அன்பு, டி உங்கள என்னங்க பண்ணுச்சு?"

"மேடம்?"

"இங்க பாருங்க. 'முடிவு சொல்ல முடியாது'ன்னு எங்கெல்லாம் டி இருக்கோ, அங்கெல்லாம் நீங்க அதைத் தொடவே இல்ல. ஒரு தடவகூட. தொட்டா கடிச்சுருமா?"



இந்த இடத்தில் லின்சி மேடம் அவளுடைய மனக்காயத்தைக் கண்டறிந்து, தலையைத் தடவி, வாழ்க்கைப் பாடம் ஒன்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அடுத்த வகுப்பு இருந்தது. "டிரெண்டு என்னன்னா, இந்த மாதிரிக் கேள்விக்கு இப்பெல்லாம் டி தான் வருது. கண்ண மூடிட்டு டி போட்டுப் போயிட்டே இருங்க. இது ஒண்ண மாத்துனா உங்களுக்கு சீட்டு. மாத்தலீன்னா அடுத்த வருசமும் இதே பேக்கரி வாசனதான்" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

சீட்டுக்கும் அவளுக்கும் நடுவே நின்றது அந்த ஒரு வட்டம். அடுத்த ஞாயிறு அன்புக்கரசி முயன்றாள். டி-யின்மேல் பேனாவை வைத்தாள். முன்நாற்காலியிலிருந்து கௌதமன் எழுந்து வந்து மேசையருகில் நின்றான். சொட்டியது. 'முடிவு சொல்ல முடியாது' என்று இப்போது எழுதினால், அன்று முடிவு சொன்னது யார்? பேனா நகர்ந்து ஏ-க்குப் போனது. காகிதத்தில் ஈரமில்லை, ஆனால் அவள் கை நனைந்திருந்தது. வேர்வை என்றுதான் சட்டம் சொல்லும்.

"என்னம்மிணி, பேயறைஞ்சாப்புல இருக்கற?" என்றான் ஜெஃபின், வெளியே வந்ததும்.

"பேயெல்லாம் ஒண்ணும் அறையாது. சும்மா பாக்கும்."

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, பாதி பன்னைப் பிய்த்துக் கொடுத்தான். அவளுக்கு அதில் சாய நெடி அடித்தது.

தேர்வு டிசம்பரில், கோவையிலேயே ஒரு கல்லூரியில். பாவாத்தாள் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கட்டுச் சோறு, தண்ணீர் பாட்டில், மாரியம்மன் கோயில் திருநீறு என்று ஒரு பட்டாளத்துக்கான ஏற்பாடு. மகளின் நெற்றியில் பூசிவிட்டு, "எதையும் உட்டுப்போடாத கண்ணு. எல்லாத்துக்கும் பதிலு எழுதிப்போட்டு வா" என்றாள். கொங்கு நாட்டுத் தாய் வேறென்ன சொல்வாள்.

உள்ளே, சட்டத் தர்க்கத்தில் ஆற்றங்கரைப் பத்தி ஒன்று வந்தது. பரிசல். பயணி எழுந்து நிற்கிறான். பரிசல்காரன் ஏதோ சொல்கிறான். என்ன சொன்னான் என்பது பத்தியில் இல்லை. பயணி விழுகிறான். நெடி வந்தது. இம்முறை நாற்காலி எதுவும் காலியில்லை. கௌதமன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். நகங்கள் நீலம்.

அவள் பத்தியை இரண்டாம் முறை படித்தாள். பரிசல்காரன் என்ன சொன்னான்? எழுதப்படவில்லை. மூன்றாம் முறை படித்தாலும் எழுதப்பட்டிருக்காது. நடுவே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அவள் லாரியின் இந்தப் பக்கம் நின்றாள். அவள் நின்றது எப்போதும் இந்தப் பக்கம்தான்.

டி-யை நிரப்பினாள். மெதுவாக, வட்டத்தைவிட்டு வெளியே போகாமல் நிரப்பினாள். டிரெண்டு அவள் நினைவுக்கு வரவில்லை.

கௌதமன் கரெக்ட்டு என்று சொல்லவில்லை. போய்விடவும் இல்லை. மணி அடிக்கும் வரை நின்றான்.

பெருந்துறை பஸ்ஸில் பாவாத்தாளுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. ஊர் எல்லை தாண்டியதும் சோற்றுப் போசியைத் திறந்தாள்.

"எல்லாத்துக்கும் பதிலு எழுதிப்போட்டியா?"

"எழுதீட்டனுங்மா."

"எல்லாம் தெரிஞ்சுதுதானே?"

"இல்லீங்மா. ஒண்ணு தெரியல. தெரியலீன்னே எழுதிப்போட்டேன்."

பாவாத்தாளின் கை போசிக்குள் நின்றது. மகள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. "அதென்ன கேள்வி அப்புடி?"

அன்புக்கரசி சன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் இவர்கள் இருவரும் தெரிந்தார்கள். பின்னிருக்கையில் தலை நனைந்த ஒருவனும் தெரிந்தான்.

"ஒருத்தன் அவனா எறங்குனானா, எறங்கச் சொன்னாங்களான்னு கேட்டிருந்தாங்க."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பாவாத்தாள் வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "அன்னைக்கு நீ பாத்தியே, கண்ணு?"

"லாரி மறைச்சுப்போடுச்சுங்மா. நான் பாக்கல. அண்ணன் அவனா எறங்குச்சா, அவங்க சொல்லி எறங்குச்சான்னு எனக்குத் தெரியாதுங்மா."

"பின்ன எதுக்குச் சாமி அப்புடிச் சொன்ன?"

"தெரியலீங்மா."

மேடையும் ஒலிபெருக்கியும் குடமும் இல்லாமல், மூன்று பேர் இருக்கையில் நடுவில் நசுங்கி உட்கார்ந்தபடி அவள் அதைச் சொன்னாள். மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். கைதட்ட யாரும் இல்லை.

பாவாத்தாள் மகளை அடிக்கவில்லை, அணைக்கவும் இல்லை. பிசைந்த உருண்டையைப் போசியிலேயே வைத்து மூடினாள். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவிநாசி போய், திருப்பூர்ப் பிரிவும் போயிற்று. சாயப்பட்டறைகளின் நெடி சன்னல் வழியே வந்தது. இந்தத் தடவை பஸ்ஸில் எல்லோருக்கும் வந்தது. ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

முந்தானைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"தை அமாவாசைக்குக் கொடுமுடிக்கு நம்மூர்லயிருந்து காத்தால எத்தன மணிக்கு பஸ்ஸு?"

அன்புக்கரசியின் வாய் பழக்கத்தில் திறந்தது. ஒரு மணி நேரக் கணக்கு, ஒரு வேப்பமரம், எல்லாம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றன. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியாதுங்மா" என்றாள். "எறங்குனதும் கேட்டுச் சொல்றேன்."